பழைய அம்பாசடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா, பாயிண்ட்டே போதுமா?

அல்சூர்_அம்பி77:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி அம்பாசடர் மார்க் 3, 77 மாடல். அப்பா செகண்ட் ஹாண்டா வாங்குனது, அவர் போனப்புறம் எட்டு வருஷம் பெங்களூரு அல்சூர் வீட்டு சந்துல கவர் போட்டு கெடந்துச்சு, போன வருஷம் தான் டேங்க் எல்லாம் கழுவி இறக்கி ஓட்ட ஆரம்பிச்சேன். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஒரிஜினல் தான், நடுவுல யாரும் டீசல் எஞ்சின் மாத்தல. மாத்தச் சொல்லி அப்பாவ சொந்தக்காரங்க படுத்துன பாடு தனிக்கதை.

பிரச்சனை என்னன்னா காலைல சோக் இழுத்து ஒரே செல்ஃப்ல எடுக்குது, அரை மணி நேரம் அருமையா ஓடுது, அதுக்கப்புறம் லேசா ஆக்சிலரேட்டர் வெச்சு சும்மா உருட்டிட்டு போகும்போது ஒரு ஜெர்க், ரெண்டு ஜெர்க், பொட்டுனு ஆஃப். போன மாசம் சில்க் போர்டு ஜங்ஷன்ல ஃப்ளைஓவர் அடில நின்னுடுச்சு, பின்னாடி பிஎம்டிசி பஸ்காரர் ஹாரன் அடிச்ச அடில எனக்கே மிஸ்ஸிங் வந்துடுச்சு. ஓரங்கட்டி பானெட் தொறந்து டெல்கோ (ஸ்பார்க்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியக் கழட்டி, உள்ள காயில் கரண்ட்ட வெட்டி மூடுற குட்டி சுவிட்ச், அந்த சிபி பாயிண்ட்ட உப்புத்தாள் வெச்சு ரெண்டு தேய் தேச்சு மாட்டுனா உடனே ஸ்டார்ட் ஆகுது. இப்படியே ஆறு மாசத்துல மூணு செட் பாயிண்ட், ரெண்டு கண்டென்சர், ஒரு காயில் மாத்திட்டேன். பாயிண்ட் தான் வில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஜே.சி. ரோட்டுல ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போனப்ப அங்க இருந்த மெக்கானிக் ஒருத்தர் சொல்றாரு, எதுக்கு சார் இன்னும் பாயிண்ட்டோட மல்லு கட்டுறீங்க, எலக்ட்ரானிக் போட்டு விட்ருங்க, தலைவலி போயிடும்னு. அவர் சொல்றது நியாயமாத்தான் படுது. ஆனா அப்பா அந்த வண்டில ஒரு ஸ்க்ரூ கூட மாத்த விட மாட்டாரு, அதான் மனசு கேக்கல. போட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நெஜமாவே பிரச்சனை தீருதா? காயிலும் சேத்து மாத்தணுமா? பிக்கப் ஏறுமா? பழையபடி பாயிண்ட்டுக்கு திரும்பணும்னா முடியுமா?

நாலு_சிலிண்டர்:

கண்ண மூடிட்டு போடுங்க ப்ரோ. நான் ஆறு வருஷமா ஓட்டுறேன் (என்னோடது மார்க் 4), பாயிண்ட்னா என்னன்னே மறந்துட்டேன். டெல்கோவ கழட்ட வேண்டியதில்ல, உள்ள இருக்க பாயிண்ட் கண்டென்சர் ரெண்டையும் எடுத்துட்டு அந்த எடத்துல சின்ன கறுப்பு மாட்யூல் ஒண்ணு, மூடிக்குள்ள சுத்துற ரோட்டாருக்கு அடில ஒரு காந்த வளையம், வெளிய ரெண்டு வயர், அவ்ளோ தான். எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சு, அதுலயும் பாதி நேரம் கீழ விழுந்த ஸ்க்ரூவ தேடினது.

மர்ஃபிடவுன்_பெருசு:

தம்பி, அவசரப்படாத. நான் முப்பது வருஷம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பாத்தவன், கண்ணு சரியில்லாம இப்ப கடைய விட்டுட்டேன், ஆனா அம்பாசடர் டெல்கோவ இருட்டுல குடுத்தாலும் பிரிச்சு மாட்டுவேன். எலக்ட்ரானிக் கெட்டதுன்னு சொல்ல வரல. எது கெட்டுப்போச்சுன்னே தெரியாம எதையாவது மாத்துறது இருக்கே, அது கடைக்காரனுக்கு மட்டும் தான் லாபம். மூணு பாயிண்ட், ரெண்டு கண்டென்சர், ஒரு காயில்னு நீயே கணக்கு எழுதியிருக்க. இத்தனையும் மாத்தியும் போகலன்னா கோளாறு அதுல இல்லன்னு தானே அர்த்தம்?

மொதல்ல வண்டி நிக்கிறது கரண்ட் இல்லாமலா பெட்ரோல் இல்லாமலான்னு தெரிஞ்சுக்கோ. நம்ம ஊரு ட்ராஃபிக்ல பானெட்டுக்குள்ள இருக்க சூட்டுக்கு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்க பைப்புல பெட்ரோல் ஆவியாயிடும், பம்பு வெறும் ஆவியத் தான் அடிக்கும், எஞ்சின் நிக்கும். அந்தக் காலத்துல டாக்ஸிக்காரங்க பெட்ரோல் பம்பு மேல ஈரத்துணி சுத்தி வெச்சிருப்பாங்க, பாத்திருக்கியா, அதுக்குத் தான். ஆறவெச்சா தானா சரியாகிடும். பாயிண்ட்ட தேய்க்கிற அஞ்சு பத்து நிமிஷத்துல பம்பு ஆறியிருக்கும், நீ பாயிண்ட்டால ஓடுதுன்னு நினைச்சிருப்ப. இப்ப பங்க்ல ஊத்துறது எத்தனால் கலந்த இ20 வேற, பழைய ரப்பர் ஹோஸ், பம்பு டயாஃப்ரம் எல்லாம் அதுல ஊறிப் போயிடுது, அதையும் பாத்துக்கோ.

அடுத்த தடவை நின்னா டெல்கோ மூடியத் தொடாத. தொடவே தொடாத. காயில்லேருந்து வர்ற நடு ஹெச்டி (ஹை டென்ஷன்) வயர மட்டும் மூடிலேருந்து உருவி, காஞ்ச துணில சுத்திப் பிடிச்சு (பெட்ரோல் எங்கயும் ஒழுகலையேன்னு பாத்துட்டு), அதோட முனைய எஞ்சின் பாடிலேருந்து கால் இஞ்ச் தூரத்துல வெச்சு கூட இருக்கவங்கள செல்ஃப் அடிக்கச் சொல்லு. நீலமா, படக் படக்னு சத்தத்தோட ஸ்பார்க் வந்தா கரண்ட் சைடு சுத்தம், பெட்ரோல் பக்கம் போ. மஞ்சளா மெலிசா வந்தாலோ வரவே இல்லன்னாலோ கரண்ட் சைடு தான், அப்ப பேசலாம்.

பாயிண்ட்ட பத்தியும் கேட்டுக்கோ, இப்ப இருக்க பசங்களுக்கு இத யாரும் சொல்லித் தர்றதில்ல. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில்ல கரண்ட் ஓடும், தொறக்குற அந்த நொடில காயிலோட காந்தம் படார்னு செத்து ஆயிரக்கணக்கான வோல்ட் ஹெச்டில கெளம்பும். கண்டென்சர் நல்லா இருந்தா தான் அந்தத் தொறப்பு சுத்தமா இருக்கும், இல்லன்னா பாயிண்ட் வாயிலயே பொறி பறந்து ஒரு பக்கம் குழி விழும், எதிர்ப்பக்கம் மேடு கட்டும். பாயிண்ட் கேப் 15 தௌ (ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். நடு ஷாஃப்ட்டுல இருக்க மேடு, அந்த காம்ல ஒரசுற குதிகால் கட்டை தேயத் தேய கேப் குறையும், கேப் குறைஞ்சா டைமிங், அதாவது ஸ்பார்க் வர்ற நேரம், பின்னாடி போகும், வண்டி மந்தமாகும், சூடாகும். அதனால தான் அந்தக் கட்டைல சிட்டிகை கிரீஸ் வெக்கணும், சிட்டிகைன்னா சிட்டிகை, அள்ளி அப்புனா சூட்டுக்கு உருகி பாயிண்ட்டுல தெறிச்சு அதுக்கே வினையாகும். அப்புறம் அந்த உப்புத்தாள தூக்கி எறி. அதோட மண்ணு பாயிண்ட்ல பதிஞ்சுக்கும். ஃபைல் தான், அதுவும் மெல்லிசு ஃபைல்.

இன்னொண்ணு, ரோட்டார எடுத்துட்டு நடு ஷாஃப்ட்ட ரெண்டு விரலால பக்கவாட்டுல ஆட்டிப் பாரு. ஆடுச்சுன்னா ஷாஃப்ட்டத் தாங்குற புஷ் போச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேப் ஒவ்வொரு மாதிரி வரும், நீ எந்தக் கடவுள கும்பிட்டு பாயிண்ட் செட் பண்ணாலும் நிக்காது.

அல்சூர்_அம்பி77:

சார், இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. ஷாஃப்ட் ஆட்டிப் பாத்தேன், பெரிய ஆட்டம் இல்ல, மயிரிழை இருக்கும். கேப் நாலு காம்லயும் வெச்சுப் பாத்தேன், 15, 15, 16, 15. ஸ்பார்க் டெஸ்ட் பண்ணணும்னா நின்னா தானே பண்ண முடியும், இப்ப பாத்து நாலு நாளா நிக்கவே மாட்டேங்குது, தெரிஞ்சுக்கிச்சு போல.

தாராவி_டாக்ஸி:

நம்ம ஏரியா பம்பாய், தாராவி. அப்பா பத்மினி டாக்ஸி ஓட்டுனவரு, இருபத்தஞ்சு வருஷம். 2023 அக்டோபரோட கடைசி பத்மினி டாக்ஸியும் ரோட்டுலேருந்து போயிடுச்சு, அன்னிக்கு அவரு டிவி முன்னாடி பேசாம உக்காந்திருந்தாரு. அவரு டேஷ்போர்டுல எப்பவும் மூணு சாமான் இருக்கும், ஒரு பாயிண்ட் செட்டு, ஒரு கண்டென்சர், ஒரு பழைய விசிட்டிங் கார்டு. கேப் அளக்குற ஃபில்லர் கேஜ் இல்லாத எடத்துல அந்தக் கார்ட மடிக்காம சொருகி பாயிண்ட் கேப் வெப்பாரு, மாட்டுங்கா சிக்னல்ல நின்ன வண்டிய பத்து நிமிஷத்துல எடுத்துருவாரு. எலக்ட்ரானிக் போயிடுச்சுன்னா விசிட்டிங் கார்ட வெச்சு என்ன பண்றது, மாட்யூல்காரனுக்கு ஃபோன் தான் போடணும். போடாதீங்கன்னு சொல்லல, போட்டா பழச வண்டிலயே வெச்சுக்கோங்க.

சர்க்யூட்_சாமி:

நான் எலக்ட்ரானிக் சிட்டில கன்ட்ரோலர் போர்டு டிசைன் பண்ற வேலை, வீட்ல ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கு, அதுக்கு நானே மாட்டியிருக்கேன். பெருசு சார் சொன்னத எல்லாம் செஞ்சுட்டு, அதுக்கப்புறமும் போடணும்னு தோணுனா கீழ இருக்கத படிங்க, ஏன்னா மாட்யூல் சாகுறது பெரும்பாலும் மாட்டுறவங்க கையால தான்.

மொதல்ல பிக்கப். ஏறாது. யாராவது ஏறுச்சுன்னு சொன்னா அவங்களோட பழைய பாயிண்ட் அவ்ளோ மோசமா இருந்துச்சுன்னு அர்த்தம். இந்த மாதிரி பாயிண்ட் எடத்துல உக்கார்ற மாட்யூல் எதுவும் புதுசா சக்தி குடுக்கறதில்ல, அதே காயில், அதே 12 வோல்ட், சுவிட்ச் மட்டும் இரும்புக்குப் பதிலா ட்ரான்சிஸ்டர். லாபம் என்னன்னா இன்னிக்கு எப்படி ஸ்பார்க் வருதோ இருபதாயிரம் கிலோமீட்டர் கழிச்சும் அப்படியே வரும், தேயறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. நாலு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்ல ஓடும்போது நிமிஷத்துக்கு 6000 ஸ்பார்க், செகண்டுக்கு நூறு. அந்தக் குட்டி பாயிண்ட் செகண்டுக்கு நூறு தடவ நாலு ஆம்பியர் கரண்ட்ட வெட்டி வெட்டி மூடுது. இத யோசிச்சா அது தேயறது ஆச்சரியமில்ல, இவ்ளோ நாள் ஓடுறது தான் ஆச்சரியம். கெட்டரிங்னு ஒரு அமெரிக்கர் 1910 வாக்குல கேடிலாக் காருக்காகப் பண்ண ஐடியா இது, அவரு ஆரம்பிச்ச கம்பெனி பேரு தான் டெல்கோ. நம்ம மெக்கானிக்குங்க லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரையும் டெல்கோன்னு கூப்பிடுறாங்களே, இங்கேருந்து வந்தது தான் அந்தப் பேரு.

காயில். பழைய காயில கழட்டி ரெண்டு சின்ன டெர்மினலுக்கு நடுவுல மல்டிமீட்டர் வெச்சு ஓம் பாருங்க. 3 ஓம் கிட்ட காட்டுனா சாதா 12 வோல்ட் காயில், நாலு ஆம்பியர் தான் இழுக்கும், நிறைய கிட் இதுக்குன்னே பண்ணது, அப்படியே வெச்சுக்கலாம். 1.5 ஓம் காட்டுனா அது கரண்ட்ட குறைக்கிற பேலஸ்ட் ரெசிஸ்டரோட ஓட வேண்டிய காயில், ரெசிஸ்டர் இல்லாம நேரா 12 வோல்ட் குடுத்தா எட்டு ஆம்பியர் போகும், சின்ன மாட்யூல் பொசுங்கிடும். கடைல ஹை பவர் ஸ்போர்ட்ஸ் காயில்னு சிவப்பா பளபளன்னு குடுப்பாங்க, கலர பாக்காதீங்க, ஓம் பாருங்க.

எர்த். பேட்டரியோட எந்த டெர்மினல் பாடிக்கு போகுதுன்னு போய் கண்ணால பாருங்க. 60கள் வண்டிங்க பலதுல பாசிட்டிவ் எர்த், அதுக்கு வேற கிட் வேணும். உங்க 77க்கு நெகட்டிவ் எர்த்தா தான் இருக்கும், ஆனா இத்தனை வருஷத்துல யார் என்ன மாத்துனாங்களோ. சிவப்பு வயர் காயில் ப்ளஸ், கறுப்பு மைனஸ், மாத்திக் குடுத்துட்டு சாவியத் திருப்புனா ஒரே செகண்ட் தான், சத்தம் கூட வராது.

சாவிய ஆன்ல போட்டுட்டு எஞ்சின் ஓடாம பாட்டு கேக்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. எஞ்சின் நிக்குற எடத்தப் பொறுத்து காயில்ல முழு கரண்ட்டும் ஓடிட்டே இருக்கும், காயிலும் மாட்யூலும் சூடாகும். ஹெச்டி வயர் பழைய செம்புக் கம்பி வயரா இருந்தா கார்பன் வயருக்கு மாத்துங்க, செம்பு வயர்லேருந்து வர்ற எலக்ட்ரிக் இரைச்சல் மாட்யூல குழப்பும்.

காந்த வளையம் மாட்டுனப்புறம் ரோட்டார் முழுசா கீழ இறங்கி உக்காருதான்னு பாத்துக்கோங்க, சிலதுல வளையம் ரோட்டார ஒரு மில்லிமீட்டர் தூக்கிடும், மூடிய மாட்டி செல்ஃப் அடிச்சா உள்ள கார்பன் முனை உடையும். எனக்கு உடைஞ்சுது. அப்புறம் டைமிங் கண்டிப்பா திரும்ப செட் பண்ணணும், பாயிண்ட்டுல டெஸ்ட் பல்பு வெச்சு பல்பு எரியுற எடத்துல டைட் பண்ற பழைய முறை நிறைய மாட்யூல்ல நம்ப முடியாது, எஞ்சின ஓடவிட்டு டைமிங் லைட் அடிச்சுத் தான் பாக்கணும்.

இதையெல்லாம் விட காசு இருந்தா உள்ள இருக்க வெயிட்டு ஸ்ப்ரிங் எல்லாத்தையும் சேத்து முழு டெல்கோவையே எலக்ட்ரானிக்கா மாத்துற மாதிரி நெதர்லாந்துல ஒன் டூ த்ரீ இக்னிஷன்னு ஒண்ணு பண்றாங்க, அட்வான்ஸ் கர்வ் (எந்த வேகத்துல ஸ்பார்க் எவ்ளோ முன்னாடி வரணும்ங்கிற கணக்கு) கூட நாமளே தேர்ந்தெடுக்கலாம். கஸ்டம்ஸ் கட்டி வர்றதுக்குள்ள வண்டிய வித்துரலாம்னு தோணும், அது வேற.

நாலு_சிலிண்டர்:

சாமி சார் சொன்ன ரோட்டார் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. எனக்கு உடையல ஆனா கீறல் விழுந்துச்சு.

அல்சூர்_அம்பி77:

காயில் 3.1 ஓம். நெகட்டிவ் எர்த் தான். பெருசு சார் மன்னிக்கணும், கிட் ஆர்டர் போட்டுட்டேன். மனசு கேக்கல. பழசு எதையும் தூக்கிப் போடல, பாயிண்ட், கண்டென்சர், அந்த ரெண்டு குட்டி ஸ்க்ரூ எல்லாம் பிஸ்கட் டின்ல போட்டு டிக்கில வெச்சிருக்கேன்.

மர்ஃபிடவுன்_பெருசு:

மன்னிக்க என்ன இருக்கு, உன் வண்டி உன் காசு. மாட்டும்போது உள்ள இருக்க வயருங்கள ஒருதடவ பாத்துக்கோ.

அல்சூர்_அம்பி77:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். கிட் மாட்டியாச்சு. டைமிங் மார்க் என் வண்டில எஞ்சினுக்கு அடில இருக்கு, படுத்துக்கிட்டு லைட் அடிச்சு பாத்ததுல சட்டை ஒண்ணு போச்சு. ஆனா பன்னெண்டு நாள் சொர்க்கம். ஐடில்ல எஞ்சின் பூனை மாதிரி கொர்ருன்னு நிக்குது, ஞாயித்துக்கெழமை விடிகாலைல நந்தி ஹில்ஸ் ஏறி எறங்கிட்டு வந்தேன், ஒரு ஜெர்க் இல்ல. வீட்டுக்காரி கூட இன்னிக்கு தள்ள வேண்டி வரலையேன்னு சொன்னா.

பதிமூணாவது நாள் ஹெப்பால் ஃப்ளைஓவர் மேல பொட்டுனு ஆஃப். அதே ஜெர்க், அதே இடி. எனக்கு வந்த கோவத்துல வண்டிய அங்கயே விட்டுட்டு மெட்ரோ ஃபீடர் பஸ்ல ஏறி போயிடலாம்னு தோணுச்சு. மூடியக் கழட்டி மாட்யூல தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சு, வயர் எல்லாம் டைட்டா இருக்கான்னு லேசா அசைச்சுப் பாத்துட்டு மூடிட்டு செல்ஃப் அடிச்சேன், ஸ்டார்ட். என்ன கொடுமை. கிட் விக்கிறவங்களுக்கு மெயில் போட்டிருக்கேன், மாட்யூல் ஃபால்ட்டா இருக்கும்னு நினைக்கிறேன். யாராவது வாரண்ட்டில மாத்தி வாங்கியிருக்கீங்களா?

நாலு_சிலிண்டர்:

டூப்ளிகேட் பீஸ் மாட்டிருக்கும் ப்ரோ.

சர்க்யூட்_சாமி:

சூட்டுல ட்ரான்சிஸ்டர் போறது உண்டு, ஆனா சூட்டுல போனா ஆறுனாத் தான் வரும். மூடியத் தொறந்து மூடுற ரெண்டு நிமிஷத்துல ஆறாது. எனக்கு இடிக்குது.

மர்ஃபிடவுன்_பெருசு:

தம்பி, வாரண்ட்டி மெயில நிறுத்து. நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன், உன்னோட மொத போஸ்ட்ட இப்ப திரும்ப ரெண்டு தடவ படிச்சேன். லேசா ஆக்சிலரேட்டர் வெச்சு உருட்டிட்டு போகும்போதுன்னு நீயே எழுதியிருக்க. நான் வேப்பர் லாக்குன்னு (பைப்புல பெட்ரோல் ஆவியாகுறது) மனசுல ஏத்திக்கிட்டு அந்த வார்த்தைய தாண்டிப் போயிட்டேன்.

யோசிச்சுப் பாரு. மொதல்ல பாயிண்ட் இருந்துச்சு, மூடியக் கழட்டி பாயிண்ட்ட தேச்சா ஓடுச்சு. இப்ப உள்ள தேய்க்கவே ஒண்ணும் இல்ல, ஆனாலும் மூடியக் கழட்டி கைய விட்டா ஓடுது. அப்ப ஓட வெச்சது உன் உப்புத்தாள் இல்ல, உன் விரல். உள்ள ஏதோ ஒண்ண விரல் அசைச்சிருக்கு.

டெல்கோவுக்குள்ள பாயிண்ட் உக்கார்ற தட்டு ரெண்டு அடுக்கு. கீழ் தட்டு பாடில ஸ்க்ரூ போட்டு நிக்கும், மேல் தட்டு அதுமேல திரும்பும். வேக்குவம் அட்வான்ஸ்னு பக்கத்துல ஒரு டப்பா இருக்கு பாரு, மெல்லிசு பைப்பு ஒண்ணு வரும், அது மேல் தட்ட இழுக்கும். எப்ப இழுக்கும்? லேசா மிதிச்சு உருட்டிட்டு போகும்போது. முழுசா மிதிச்சா வேக்குவம் போயிடும், விட்டுடும். ஐடில்லயும் பெரும்பாலும் இழுக்காது. அந்த ரெண்டு தட்டுக்கும் நடுவுல எர்த் போறதுக்குன்னு ஒரு ரெண்டு இஞ்ச் நீளத்துல துணி உறை போட்ட வயர் ஒண்ணு இருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ மடங்கி நிமிந்து நாப்பது அம்பது வருஷம் ஆனா உள்ள செம்பு நூலு ஒவ்வொண்ணா அறுந்துடும், மேல உறை மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி முழுசா இருக்கும். தட்டு இழுபடும்போது அறுந்த முனை ரெண்டும் விலகும், எர்த் போச்சு, ஸ்பார்க் போச்சு. உன் விரல் பட்டா திரும்ப ஒட்டும். காயில்லேருந்து உள்ள வர்ற வயருக்கும் இதே வியாதி வரும், ஆனா கிட் போடும்போது அந்த வயர நீ எடுத்திருப்ப. எர்த் வயர எடுத்திருக்க மாட்ட. புது மாட்யூலும் அதே தட்டு மேல தான் உக்காந்திருக்கு, அதே எர்த்த நம்பித் தான்.

இத நம்பணும்னு இல்ல, சோதிச்சுப் பாரு. வேக்குவம் பைப்ப டெல்கோ பக்கம் உருவி கார்புரேட்டர்லேருந்து வர்ற முனைய ஒரு ஆணி வெச்சு அடைச்சுட்டு ரெண்டு நாள் ஓட்டு. வண்டி கொஞ்சம் மந்தமா போகும், பெட்ரோல் கொஞ்சம் கூட குடிக்கும், ஆனா நிக்கலன்னா நான் சொன்னது தான்.

தாராவி_டாக்ஸி:

அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். அந்த வயரு, அந்த வயருன்னு மொத ரெண்டு வரிலயே சொல்லிட்டாரு. இத முன்னாடியே அவருகிட்ட கேட்டிருந்தா மூணு வாரம் மிச்சம்.

அல்சூர்_அம்பி77:

ரெண்டு நாள் இல்ல, நாலு நாள் ஓட்டுனேன். அல்சூர்லேருந்து கே.ஆர். புரம், அங்கேருந்து சில்க் போர்டு, வேணும்னே சாயங்காலம் ஆறு மணி ட்ராஃபிக்ல. நிக்கல. இன்னிக்கு டெல்கோவ முழுசா கழட்டி டைனிங் டேபிள் மேல பேப்பர் விரிச்சு பிரிச்சேன். அந்த எர்த் வயர் பாக்குறதுக்கு புதுசு மாதிரி தான் இருந்துச்சு, கைல பிடிச்சு மெதுவா இழுத்தேன், துணி மட்டும் நீளுது, உள்ள ஒண்ணுமே இல்ல, ரெண்டு நூல் தான் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. உக்காந்து சிரிச்சேன். அப்பா இருந்தா ஒரு ஸ்க்ரூ கூட மாத்தாதடான்னு சொல்லிட்டு இந்த வயர மட்டும் மாத்தியிருப்பாரு.

இப்ப என்ன வயர் போடுறது? வீட்ல ஸ்பீக்கர் வயர் இருக்கு.

சர்க்யூட்_சாமி:

சாதா வயர் வேணாம், ஒரு மாசத்துல அதுவும் அறுந்துடும். மல்டிமீட்டர் ப்ரோப்ல வருமே, சிலிக்கான் உறை போட்ட வயர், உள்ள முடி மாதிரி நூத்துக்கணக்குல நூல் இருக்கும், சூடும் தாங்கும், எஸ்.பி. ரோட்டுல எலக்ட்ரானிக்ஸ் கடைல மீட்டர் கணக்குல வெட்டிக் குடுப்பாங்க. முனைல லக் போட்டு கிரிம்ப் பண்ணுங்க. சால்டர் வெச்சா ஈயம் வயருக்குள்ள ஏறி கம்பி மாதிரி வெறைச்சுக்கும், சரியா அந்த எடத்துல உடையும். மாட்டுனப்புறம் மீட்டர வோல்ட்ல வெச்சு எஞ்சின் ஓடும்போது ஒரு முனைய மேல் தட்டுலேருந்து வெளிய எடுத்த ஒரு வயர்லயும் இன்னொண்ண பேட்டரி நெகட்டிவ்லயும் வெச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கணும்.

மர்ஃபிடவுன்_பெருசு:

கொஞ்சம் லூசா விடு, தட்ட கையால முழுசா திருப்பிப் பாத்து எங்கயும் இழுக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டு டைட் பண்ணு. ரோட்டார்ல ஒரசாம பாத்துக்கோ. தட்டுக்கு நடுவுல ரெண்டு சொட்டு எண்ணெய்.

நாலு_சிலிண்டர்:

அப்ப கிட்ட கழட்டி பாயிண்ட்டுக்கே போறீங்களா ப்ரோ? மூணு செட் பாயிண்ட்டும் நல்லாத் தானே இருந்திருக்கும், பாவம்.

அல்சூர்_அம்பி77:

மூணும் டின்ல இருக்கு, உப்புத்தாள் தேச்ச தழும்போட. கிட்ட கழட்டல, ஐடில் அவ்ளோ நல்லா இருக்கு, விட மனசில்ல. பாயிண்ட்டும் கண்டென்சரும் டிக்கில, தாராவி அண்ணனோட அப்பாவுக்காக ஒரு விசிட்டிங் கார்டும் வெச்சுட்டேன். வயர் நேத்து மாட்டியாச்சு, வேக்குவம் பைப்பும் குடுத்தாச்சு, நேத்தும் இன்னிக்கும் நிக்கல. கே.ஆர். மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வந்தேன், அங்க நிக்கலன்னா எங்கயும் நிக்காது. அடுத்த வாரம் சென்னை வரைக்கும் எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கேன், சித்தப்பா வீடு அம்பத்தூர்ல.

மர்ஃபிடவுன்_பெருசு:

போய்ட்டு வா. ஒண்ணு மட்டும், நீ டைமிங் வெச்சது பெங்களூருல, இது 900 மீட்டர் உயரம், காத்து லேசு, எஞ்சினுக்குள்ள அழுத்தம் கம்மி, கொஞ்சம் அட்வான்ஸ் கூட இருந்தாலும் பொறுத்துக்கும். கீழ இறங்குனா பொறுக்காது. கிருஷ்ணகிரி தாண்டி ஏதாவது மேட்டுல டாப் கியர்லயே நல்லா மிதிச்சுப் பாரு, தகர டப்பால கோலி உருட்டுன மாதிரி சத்தம் வந்தா ஓரங்கட்டி டெல்கோவ ரெண்டு டிகிரி பின்னாடி திருப்பு. இந்த எஞ்சின்ல ரோட்டார் இடப்பக்கமா சுத்தும், அதனால பின்னாடின்னா அது சுத்துற அதே பக்கம், அதாவது நீயும் இடப்பக்கமா தான் திருப்பணும். மாத்தி திருப்பிடாத.

அல்சூர்_அம்பி77:

பத்து நம்பர் ஸ்பேனர் கைக்கு எட்டுற மாதிரி முன் சீட்டுலயே வெச்சுக்கிறேன் சார். இல்ல பதினொண்ணா? போய் பாத்துட்டு வர்றேன்.

மர்ஃபிடவுன்_பெருசு:

ரெண்டும் இல்ல. அது இஞ்ச் நட்டு.